டீசல் மூடியில் ஒரு கையெழுத்து

நான் ஓட்டிய டிப்பர் லாரி நடுவழியில் நிற்க ஆரம்பித்த பிறகும் என்னைத் திருடன் என்று யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வேதனை. சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். எங்கள் ஓனர் என்னைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். "ஏனுங்ணா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டேதான் ஒருநாள் டீசல் டேங்க் மூடியைச் சுற்றி, அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை இறுக்கி ஒட்டினார். அதன் மேல் பேனாவால் கையெழுத்தும் போட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்ணா. உங்களுக்காகப் போடலீங்க. ஊரு அப்படிக் கெட்டுக் கெடக்குது" என்றார்.

சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்சப் குழு உண்டு. கள்ளச்சாவி போட்டு டேங்கைத் திறந்து டீசல் உறிஞ்சுகிற வீடியோ ஒன்று அதில் வந்திருக்கிறது. பூட்டை நம்பாதே, சீல் வை என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஓனர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பங்க்கில் டீசல் போடும்போது அவரே வருவார், அவரே மூடுவார், அவரே ஒட்டுவார், கையெழுத்துப் போடுவார். மூடிப் பக்கம் நான் போகக்கூடாது. சோற்றுப் பானைக்குச் சீல் வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது எனக்கு. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

வண்டி நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கல் உடைக்கும் கிரஷரில் ஜல்லி ஏற்றிக்கொண்டு பள்ளிபாளையம் போகிற வழியில், நன்றாக இழுத்துக்கொண்டிருந்த இன்ஜின் மெல்ல இளைத்தது. மிதிக்க மிதிக்க வேகம் இறங்கியது. இரண்டு உதறு உதறிவிட்டு ஆஃப் ஆகிவிட்டது. ஓரங்கட்டிவிட்டு நான் கீழே இறங்குவதற்குள் போன் வந்தது. வண்டியில் ஜிபிஎஸ் மாட்டியிருந்தார்.

"ஏனுங்ணா, வண்டி ஒரே எடத்துல நிக்குதே?"

"ஆஃப் ஆயிருச்சுங்க. ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"இருங்ணா, வாரேன்."

பைக்கில் வந்தார். வந்தவர் இன்ஜின் பக்கம் போகவே இல்லை. நேராக டேங்க் பக்கம் போய்க் குனிந்து, தன் கையெழுத்து கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்ணா" என்றார். நான் ரோட்டோரப் புளியமரத்துக்குக் கீழே போய் நின்றேன். டேப்பைக் கிழித்தார், மூடியைத் திறந்தார், குச்சி விட்டு அளவு பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. "இப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்ணா" என்றார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சற்றுத் திணறிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல இன்ஜின் ஓட ஆரம்பித்தது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு இதே கதை திரும்பத் திரும்ப நடந்தது. நான் ஓட்டினால் நிற்கும். அவர் வந்து சீலைக் கிழித்து டீசலைப் பார்த்தால் ஓடும். டேங்க் நிறைய டீசல் போட்ட நாளில் இன்னும் சீக்கிரமே நின்றது. அவர் வரும்வரை, இன்ஜினுக்கு டீசல் ஏற்றும் கைப்பம்பை நான் அடித்து அடித்துத் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம்.

பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் எனக்கு நெடுநாள் பழக்கம். டீசல் ஃபில்டரை மாற்றினார். டீசல் லைனைக் கழற்றி ஊதி மாட்டி, அதில் சிக்கிய காற்றை எடுத்துவிட்டார். டேங்கையே இறக்கிக் கழுவினார். பட்டறையைச் சுற்றி ஒரு நடை ஓட்டிப் பார்த்தால் வண்டி குதிரை போல ஓடும். ஓனர் சந்தோஷமாக டேப்பை ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மறுநாள் லோடோடு நடுரோட்டில் நிற்கும்.

ஒருநாள் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக் எதார்த்தமாகச் சொன்னார்: "டீசல்ல தண்ணி கலந்திருந்தாலும் இப்படித்தானுங் நிக்கும்."

ஓனருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "அப்ப அளவு கொறையாம டீசல எடுத்துப்போட்டுத் தண்ணிய ஊத்தி வெக்கலாமுங்களா?" என்று கேட்டார். என் பக்கம் திரும்பாமல்தான் கேட்டார். மெக்கானிக் என்னைப் பார்த்தார், பிறகு ஃபில்டரைப் பார்த்தார். "அப்படியும் செய்யறவன் இருக்கறானுங்" என்றார்.

இந்த வட்டாரத்தில் டிரைவருக்குக் குடிப்பழக்கம் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். டீசல் திருடுகிறவன் என்று பெயர் வந்துவிட்டால் அவ்வளவுதான். பேச்சு ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்குப் போய்விடும், பிறகு எவனும் சாவியைக் கையில் தரமாட்டான். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

சந்தேகம் சொறி மாதிரி, எனக்கும் ஒட்டிக்கொண்டது. பங்க்காரன் தண்ணீர் கலக்கிறானோ? மெக்கானிக் காசுக்காக எதையாவது கழற்றிவிட்டு மாட்டுகிறானோ? ஓனரே வேறு டிரைவரைப் பார்த்து வைத்துக்கொண்டு, என்னைக் கழற்றிவிட வழி தேடுகிறாரோ? அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வாரம் நம்பினேன். ஃபில்டரில் இருந்த டீசலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, வீட்டு ஜன்னலில் வைத்துத் தெளிகிறதா என்று காலையும் மாலையும் பார்த்தேன். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாட்டிலைப் பார்த்த என் மனைவி கிட்டே வந்தாள்.

"நெசத்தச் சொல்லுங்க. எடுக்கலீங்கல்ல?" என்றாள்.

ஓனர் கேட்காமல் கேட்டதை அவள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. கோபத்தில் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினேன். கொட்டியதும் இன்னொரு பயம் வந்தது. ஆதாரத்தை ஒழித்துவிட்டேன் என்று இவளும் நினைப்பாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தேகப்படுகிறவர்கள் மத்தியில் இருந்தால் கை கழுவுவதற்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது.

விடை கிடைத்தது ஓனர் ஊரில் இல்லாத ஒரு நாளில். மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு அவர் கொண்டப்பநாயக்கன்பட்டி போயிருந்தார். பள்ளிபாளையம் தாண்டி, வயலுக்கு நடுவே போகிற சின்ன ரோட்டில் வண்டி நின்றது. போன் அடித்தேன். அவருக்கு வர வழியில்லை. "வீடியோ கால் போடறேனுங்ணா. காட்டிக்கிட்டே கிழிங்க" என்றார். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பிளேடால் அவர் கையெழுத்தை அறுத்தேன். அத்தனை நாளில் அந்த மூடியை என் கையால் திருகியது அன்றுதான்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். புது ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. ஆனால் நீளமாக வந்தது. காற்று வெளியே வரவில்லை, டேங்க் உள்ளே இழுத்துக்கொண்டது. நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஓனர் திறந்தபோதெல்லாம் நான் புளியமரத்தடியிலோ ரோட்டுக்கு அந்தப் பக்கமோ நின்றிருக்கிறேன். பக்கத்தில் பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போகும். அவர் காதிலும் விழுந்திருக்காது, விழுந்திருந்தாலும் அவர் கவனம் குச்சியில்தான் இருந்திருக்கும்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. டீசல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்றுப் போக வேண்டும். அதற்கான வழி அது. அதைத்தான் டேப் ஒட்டி அடைத்து வைத்திருந்தார். காற்றுப் போக வழியில்லாமல், டேங்க் டீசலை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது, இன்ஜின் பட்டினியில் ஆஃப் ஆனது. பட்டறையில் ஏன் நன்றாக ஓடியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அங்கே ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் சீல் இருக்காது. டேங்க் நிறைந்த நாளில் உள்ளே இருந்த காற்றும் கொஞ்சம்தான், அதனால்தான் சீக்கிரம் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. டேப் இல்லாமல் அன்று முழுவதும் ஓட்டினேன். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

சாயங்காலம் ஊர் திரும்பிய ஓனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சீல் இருந்தா நிக்குது, சீல் இல்லீன்னா ஓடுதுங்கறீங்க" என்றார்.

"ஆமாங்க."

"சீல் இல்லீன்னா யாருக்குங்ணா நல்லது?"

சீலை எடுக்க வைக்கத்தான் இத்தனை நாள் வண்டியை நிறுத்தி நாடகம் ஆடினேன் என்கிறார். அதையும் அண்ணா போட்டுத்தான் கேட்கிறார்.

"நாளைக்கு நீங்களே ஓட்டுங்க. நான் ஒண்ணையும் தொட மாட்டேன்" என்றேன்.

மறுநாள் காலையில் டேங்கை நிரப்பி, வழக்கம்போல ஒட்டி, கையெழுத்துப் போட்டு, அவரே ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நான் பக்கத்துச் சீட்டில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் ரோட்டைப் பாதி, என்னைப் பாதி பார்த்துக்கொண்டு வந்தார். நிற்க வேண்டும், சீக்கிரம் நிற்க வேண்டும் என்று வழியில் வந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். தன் வண்டியே நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட டிரைவர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சங்ககிரிக்கு முன்னால் மேட்டில் ஏறும்போது இன்ஜின் இளைத்தது. ஓனர் மிதித்தார். மேலும் மிதித்தார். உதறிவிட்டு ஆஃப் ஆனது. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எறங்கி மூடியத் தொறங்க. காதப் பக்கத்துல வெச்சுக்குங்க" என்றேன். நான் சீட்டைவிட்டு அசையவில்லை.

கிழித்தார், திருகினார். குனிந்தபடியே வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி ஓடியது. நேராகப் பட்டறைக்கு விட்டு மெக்கானிக்கிடம் சொன்னார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஓனரும் சிரித்தார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்ணா" என்று என் கையைப் பிடித்தார். பாழாய்ப்போன மனசு, அந்த ஒரு வார்த்தையில் இளகிவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டு, "அடைப்புத்தான், வேற ஒண்ணுமில்ல" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஓனர் டேங்க் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மூடியைச் சுற்றிப் புது டேப் ஒட்டியாகிவிட்டது. மெக்கானிக்கிடம் ஒரு ஊக்கு வாங்கி, மூடியின் ஓட்டை இருக்கும் இடமாகப் பார்த்து, டேப்பில் பதமாகக் குத்தினார். காற்றுப் போகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தியாக இருந்தது. ஊக்குக் குத்திய இடத்துக்குப் பக்கத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இனி நிக்காதுங்ணா" என்றார்.

மேலே ஏறி என் துண்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். சாவியை உருவி அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஏனுங்ணா, வண்டிதான் செரியாயிருச்சே?"

"ஆமாங்க. வண்டி செரியாயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.