கஷாயம் கொதித்த சாயங்காலங்கள்

போன குளிர்காலத்தில் கொல்கத்தாவில் எனக்கு நடந்தது இது. கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை எனக்கு. வீடு லேக் மார்க்கெட் பக்கம், மூன்றாவது மாடி. துர்கா பூஜை முடிந்த கையோடு என் மனைவி பெங்களூருக்குக் கிளம்பினாள். அங்கே மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. சம்பந்தியம்மாவுக்கோ முட்டி ஆபரேஷன். ஆக, இவளை விட்டால் வேறு ஆள் இல்லை. "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்று வீராப்பாகச் சொல்லி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போதே "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். பதில் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்?

எனக்கு இதயத் துடிப்பு சீராக இருக்காது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று தறிகெட்டுப் போகும். அதைக் கட்டுக்குள் வைக்கத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. இந்த மாத்திரை கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் போனில் அலாரம் வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் போட்டுக்கொண்டு, போட்டதை மனைவிக்கு மெசேஜிலும் தெரிவித்துவிடுவேன். மாத்திரை விஷயத்தில் என்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கணக்குப் பிரிவு ஆள் அல்லவா, அந்தத் திமிர் வேறு.

பனிக்காலம் தொடங்கியதும் இந்த ஊர்ப் புகையும் தூசியும் சேர்ந்து எனக்கு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. மனைவி இருந்தால் கஷாயம் வைத்துத் தருவாள். அதிமதுரம், சித்தரத்தை, மிளகு, கொஞ்சம் பனங்கற்கண்டு. லேக் மார்க்கெட்டில் நம்ம ஊர் மளிகைக் கடையில் எல்லாம் கிடைக்கும். அவள் வைத்தால் மூன்று நாள், அதோடு சரி. நான் வைத்தது வேறு கதை. அவள் சிட்டிகை போடுகிற இடத்தில் நான் கைப்பிடி போட்டேன். ஆபீசிலிருந்து வந்ததும் அடுப்பைப் பற்றவைத்துக் கொதிக்க விட்டு, டம்ளர் நிறைய ஊற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்து குடிப்பேன். ஆபீசில் தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு துண்டு கிடக்கும்.

நாளாக நாளாக எனக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். சாயங்காலம் கூடத்தில் டியூப் லைட்டைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் தெரிந்தது. சரி, கண்ணாடி பவர் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாடிப்படி ஏறினால் கால் துவண்டது. வயசாகிறது என்றேன். குமட்டலுக்கு மட்டும் என்னிடம் அழகான காரணம் ஒன்று இருந்தது. அவள் இல்லாத ஏக்கம்! இத்தனை வருடம் கழித்து மனைவியைப் பிரிந்து அன்னம் தண்ணி இறங்காமல் கிடக்கிறோமே என்று எனக்கு என்மேலேயே பெருமையாக இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவளிடம் எதையும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். இரண்டு பேரக்குழந்தைகளையும் மாற்றி மாற்றிக் காட்டுவாள். பாவம், தூக்கமில்லாமல் அவள் கண்ணுக்கடியில் கருவளையம். என்ன சமையல் என்று கேட்பாள். அவியல் என்பேன், வத்தக்குழம்பு என்பேன். உண்மையில் வெறும் பிஸ்கெட். "இளைச்ச மாதிரி தெரியறீங்களே" என்றாள் ஒருநாள். வெளிச்சம் சரியில்லை என்று போனைத் திருப்பிக்கொண்டேன். அழைப்பு முடிந்ததும் வீடு கப்சிப்பென்று ஆகிவிடும். பக்கத்து ஃப்ளாட் டிவியில் யாரோ வங்காளத்தில் சண்டை போடுவது மட்டும் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எழுந்ததிலிருந்தே நெஞ்சுக்குள் ஒரு மாதிரி விட்டு விட்டு அடித்தது. மாத்திரை போட்டாயிற்று. இன்னொன்று போட்டுக்கொள்ளலாமா என்று அட்டையைக் கையில்கூட எடுத்தேன். ஏதோ நல்ல புத்தி, திரும்ப வைத்துவிட்டுக் காய்கறி வாங்கக் கிளம்பினேன். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவனுக்கு எதிரே இருந்த காய்க் குவியல் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றியது. காய்க்காரர் கையைப் பிடித்து ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார வைத்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். கூட வருகிறேன் என்றார். "கிச்சு ஹோய்னி தாதா, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று மறுத்துவிட்டு, அவர் பிடித்துக் கொடுத்த டாக்சியில் நான் மட்டும் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எமர்ஜென்சியில் என்னைப் படுக்க வைத்ததுமே நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, கூட யார் வந்திருக்கிறார்கள் என்பது. யாருமில்லை என்றேன். வெளியே நிற்கிறார்களா என்றார். வெளியேயும் யாருமில்லை என்றேன். அந்தப் பெண் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்துவிட்டு, கூப்பிட ஒரு பெயர் சட்டென்று வாயில் வரவில்லையே!

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நாடித் துடிப்பு ரொம்ப மெதுவாக, அதுவும் தாறுமாறாக இருக்கிறது என்றார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அதலபாதாளத்தில் இருந்ததாம். மாத்திரையின் அளவோ ஏறிக்கிடந்ததாம். அதிகமாகப் போட்டீர்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அலாரத்தைக் காட்டினேன், மெசேஜ்களைக் காட்டினேன். வேறு ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டபோதெல்லாம் இல்லை, இல்லை, இல்லவே இல்லை என்றேன். சாயங்காலம் மனைவி அழைத்தபோது நெட் சரியில்லை என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை இதய டாக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும், வங்காளிப் பெண்மணி. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மருந்தைப் பற்றியே கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என்ன செய்கிறீர்கள், வாயில் என்னவெல்லாம் போகிறது, எல்லாம் சொல்லுங்கள், எனக்கு அவசரமில்லை என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஐயோ, எவ்வளவு பேசினேன் தெரியுமா! காபிப் பொடி தீர்ந்தது, தயிர் உறையாதது, இரட்டைக் குழந்தைகள், பிஸ்கெட், ஆபீசில் எதிர் சீட்டில் இருந்தவர் மாற்றலாகிப் போனது என்று, வாய் ஓயவில்லை. பல வாரமாக உள்ளே தேங்கியதெல்லாம் அந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் கொட்டியது. அவரும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கஷாயம் என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அதில் என்ன போடுவீர்கள் என்றார். எனக்கு அதிமதுரத்துக்கு வங்காளத்தில் என்னவென்று தெரியவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை நர்ஸிடம் எடுக்கச் சொல்லி, பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தவர், "ஜஷ்டிமது" என்று மெதுவாகச் சொன்னார்.

"வேற மருந்து சாப்பிடறீங்களான்னு எத்தனை பேர் கேட்டோம்?"

"இது மருந்து இல்லையே டாக்டர். கஷாயம்."

அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. பிறகு விளக்கினார். இந்த வேரை இவ்வளவு அதிகமாக, இத்தனை நாள் சாப்பிட்டால் உடம்பில் இருக்கிற பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடுமாம். அது குறைந்துவிட்டால், நான் போடுகிற அதே மாத்திரை, அதே அளவிலேயே உடம்பில் தேங்கி இதயத்துக்கு விஷமாகிவிடுமாம். குமட்டல், மஞ்சள் வளையம், கால் துவண்டது எல்லாமே அதனால்தான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் துடிப்பு நின்றே போயிருக்கலாம் என்றார். முந்தின நாள் காலை கையில் எடுத்த இரண்டாவது மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. என் கையை ஒருமுறை அழுத்தினார்.

அப்புறம், இருமல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

அது போய் ரொம்ப நாளாயிற்று என்றேன்.

"அப்ப எதுக்கு இன்னும் குடிச்சீங்க?"

அதுவரைக்கும் நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

"அது கொதிச்சா வீடெல்லாம் வாசனை வரும் டாக்டர். சமையல்கட்டுல யாரோ இருக்கற மாதிரி இருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். பெரிய ஆபீசர், தலை நரைத்தவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுகிறேன். டாக்டர், வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த மாத்திரையை அவர்களே சில நாள் நிறுத்தினார்கள். திரும்பத் திரும்ப ரத்தம் பார்த்து, அளவை மாற்றி, அவர்களே மறுபடி ஆரம்பித்தார்கள். நானாகக் கூட்டவோ குறைக்கவோ விடவோ கூடாது என்று உத்தரவு. வேர், இலை, லேகியம், ஹோமியோபதி சொட்டு, கடையில் வாங்கும் இருமல் சிரப் எதுவானாலும் முதலில் அவரைக் கேட்க வேண்டும். இப்போது நான் சுக்குக் காபியைக்கூட விடாமல் சொல்கிறேன். போதும் போதும் என்று அவரே சிரிக்கிறார். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு டாக்டர் போனதும் மனைவிக்குப் போன் போட்டேன். அவியல் பொய்யிலிருந்து அத்தனையும் சொன்னேன். நடுவில் ஒரு குழந்தை வீல் என்று அழுதது, அவள் அதைத் தூக்கப் போகவில்லை. கடைசியில் ஏன் இப்படிப் பண்ணீங்க என்றுகூடக் கேட்கவில்லை.

"நான் கிளம்பி வரட்டுமா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும் தயாராக இருக்கும். வேண்டாம், எனக்கென்ன, நீ அங்கே பாரு. எங்கள் மகள் பிறந்தபோது நான் வரட்டுமா என்று கேட்டு இவள் வேண்டாம் என்றதும் அப்படித்தான். எங்கள் வீட்டு வழக்கம் அது, ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்காமலே வாழ்க்கையை ஓட்டிவிட்டோம். அந்தப் பதில் வாய் வரைக்கும் வந்தது.

"வா" என்றேன்.

மறுநாளே வந்தாள். மகள் சமாளித்துக்கொண்டாள், உலகம் ஒன்றும் நின்றுவிடவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை என் மனைவியிடம் சொல்ல நான் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போக வேண்டியிருந்ததே என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.