காப்புக்காகக் கழற்றிய கட்டு

அம்மன் அடியார்களுக்கு வணக்கம். இந்தக் கோயிலில் அவள் அருளைப் பற்றி நான் ஏற்கெனவே ஒருமுறை மைக்கில் பேசியிருக்கிறேன். அன்று பேசியது பொய். அதனால் இன்று எழுதுகிறேன்.

1979 தை மாதம். இரண்டு நாளாக மழை. என் அக்கா பாக்கியம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மலையில் வழுக்கி விழுந்தாள். முதுகில் கூடை நிறைந்திருந்தது. விழும்போது இடது கையை ஊன்றினாள், மணிக்கட்டு உடைந்துவிட்டது. தோட்டத்து லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்து, தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும் என்றார்கள்.

அக்காவுக்கு வேறு யாரும் இல்லை. கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவனை இழந்தவள். பிள்ளை கிடையாது. தொழிலாளர் லயத்தில் அவளுக்கென்று ஒரு வீடு இருந்தது. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கைக்காரியைக் கங்காணி காலையில் வேலைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். அப்பா போனபின் பதினைந்து வயதில் கூடை சுமக்கத் தொடங்கி என்னைப் படிக்க வைத்தவள் அவள். அந்தப் படிப்பில்தான் நான் தோட்டத்துப் பள்ளிக்கு வாத்தியாரானேன், கோயிலுக்குச் செயலாளரும் ஆனேன்.

ஈப்போ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். "தாயே, அக்கா கை சேர்ந்துவிட்டால் மாசித் திருவிழாவில் அவள் உனக்குப் பால்குடம் எடுப்பாள்" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியது நான். சுமக்க வேண்டியது அவள். அப்போது அவள் மயக்க மருந்தில் கிடந்தாள். விழித்த பிறகும் நான் அவளிடம் கேட்கவில்லை, சொல்ல மட்டும் செய்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. தையல் பிரித்தபின் ஸ்பிளிண்ட் ஒன்று போட்டுவிட்டார்கள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கெட்டியான ஒரு தகடு, அதை இறுக்க மூன்று பட்டைகள். நாங்கள் அதைக் கட்டு என்றே சொன்னோம். விரல்களை மட்டும் மடக்கி நீட்டலாம், மணிக்கட்டு அசையக்கூடாது. பயிற்சி கொடுத்த சீன நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, என்னைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்: "ஜாங்கான் புக்கா." மலாயில் கழற்றாதே என்றார். அடுத்து வர வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுத்தார்.

திருவிழா வந்தபோது அந்தக் கட்டு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பால்குடம் எடுப்பவர்களுக்கு மணிக்கட்டில் மஞ்சள் கயிறால் காப்புக் கட்ட வேண்டும். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை.

காப்புக் கட்டுவதற்கு முதல் நாளே பூசாரி என்னிடம் சொன்னார். "வாத்தியாரே, அக்காவுக்கு வலது கையில கட்டிருவோம் லா. அம்மா என்ன கோவிச்சுக்கவா போறா?"

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். என் வேண்டுதலைப் பற்றித் தோட்டம் முழுவதும் சொல்லி வைத்திருந்தேன். கட்டுப் போட்ட கையோடு அவள் வந்து நின்றால் அது பலித்ததாக யார் நம்புவார்கள்? என் மனதில் இருந்தது அதுதான். சாஸ்திரம் அல்ல.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.

"தம்பி, மிஸ்ஸி கழட்டக்கூடாதுன்னு சொன்னாங்களே."

"அம்மா பாத்துக்குவா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையை நீட்டினாள். அவள் கூடை சுமந்து வாங்கித் தந்த படிப்பு அது.

கோயிலில் பூசாரி, "கட்டு எங்க?" என்று கேட்டார். "டாக்டரே எடுத்துட்டாரு" என்றேன்.

காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. ஆஸ்பத்திரித் தேதி அந்த வாரத்தில்தான் வந்தது. மூன்றாம் நாளே கை வீங்கிவிட்டது. மஞ்சள் கயிறு சதைக்குள் பதிந்திருந்தது.

"தம்பி, வியாழக்கிழமை ஈப்போ போகணும்டா."

"காப்பு கட்டிட்டு எப்படிக்கா தாண்டுறது?"



பால்குடத்தன்று ஆற்றிலிருந்து கோயில்வரை ஏற்றம். வலது கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு இடது கையைச் சும்மா அணைகொடுத்து நடந்தாள். பாதி வழியில் கைக்குள் ஏதோ நறுக்கென்றதாம். பிறகு எப்போதோ சொன்னாள். குடத்தை அவள் விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வந்து இறக்கினாள். நான் மைக்கைப் பிடித்தேன். "எலும்பு உடைந்த கை, இதோ பாருங்கள், பால்குடம் சுமந்து வந்திருக்கிறது!" என்றேன். கூட்டம் கை எடுத்துக் கும்பிட்டது. நான் பேசி முடிக்கும்வரை அக்கா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள்.

காப்பு அவிழ்த்தபோது கை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

ஈப்போவில் டாக்டர் புதிய எக்ஸ்ரே படத்தை விளக்கில் காட்டினார். திருகாணிகள் பிடுங்கிக்கொண்டு நின்றன. "சியாப்பா புக்கா?" என்று கேட்டார். யார் கழற்றியது?

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்" என்றாள் அக்கா.

டாக்டர் அவளைத் திட்டினார். படிக்காத ஜனங்கள் என்றார். நான் கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் என்று எழுதினேன். அதுவும் உண்மையில்லை. நான் திறந்திருக்கவே மாட்டேன்.

இரண்டாவது ஆபரேஷனில் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து மணிக்கட்டில் வைத்தார்கள். எலும்பு சேரும், ஆனால் பழைய கை திரும்பாது என்றார்கள். கொழுந்து வேலை போயிற்று. லயத்து வீடும் போயிற்று. அக்கா என் வீட்டுக்கு வந்தாள். காலையில் என் மனைவி தலை சீவிக் கொண்டை போட்டுவிடுவாள். நாற்பத்திரண்டு வயதுக்காரி, பள்ளிக்குப் புறப்படும் சிறுமிபோல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

மறுபடியும் அதே கட்டு, அதே மூன்று பட்டைகள். இந்த முறை மிஸ்ஸி சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தேன். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும், அந்த அளவுக்குத்தான் இறுக்கம். வாரங்கள் கழித்துப் பயிற்சிக்காக மட்டும் கழற்றச் சொன்னார்கள். வெந்நீரில் கையை ஊறவைப்பது. மேசையில் உள்ளங்கையைப் பதித்து மெல்ல அழுத்துவது. அகப்பையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவது. ஈரத் துண்டைப் பிழிவது. பள்ளிக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை. அவள் முகம் வலியில் வெளுத்துப்போகும். நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

"சத்தம் போட்டு எண்ணாத. நான் ஒண்ணும் உன் ரெண்டாம் வகுப்புப் பிள்ளை இல்ல."

மாதங்கள் போயின. மணிக்கட்டு மரக்கட்டைபோல் இருந்தது. கோயிலுக்குள் போக எனக்கு முகமில்லை. ஒரு நாள் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவளிடம் கேட்டேன். "அக்கா, உனக்காக அம்மாகிட்ட என்ன வேண்டிக்கட்டும்?"

அவள் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா வாத்தியாருக்கு?" என்றாள். பிறகு துண்டைக் கீழே வைத்தாள். "என் கொண்டைய நானே போட்டுக்கணும். அது போதும். பால்குடம் கீல்குடம்னு ஏதாச்சும் சேத்துக்கிட்ட, உன் கையை நானே ஒடிச்சுருவேன்."

அன்று முதல் அதை மட்டும் கேட்டேன். காணிக்கை எதுவும் பேசவில்லை. பள்ளிக்கூடக் குழாயடியில் கை கழுவும்போது, "அவள் கொண்டையை அவளே போட்டுக்கொள்ளட்டும், தாயே" என்பேன். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம். வெந்நீர் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அக்கா அறையிலிருந்து வந்தாள். தலை வாரியிருந்தது. கொண்டை ஒரு பக்கம் சரிந்து, முடி பிசிறிக்கொண்டிருந்தது. வாயில் இன்னும் ஒரு கொண்டை ஊசி. அதை இடது கையால் எடுத்து, மெதுவாக, நடுங்க நடுங்கச் செருகினாள்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை.

"இனிமே நீ என் கையைப் பிடிக்க வேணாம், தம்பி" என்றாள்.

கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மாதமே தோட்டத்து ஆபீஸில் பெரிய கிராணியிடம் அவளே போய்ப் பேசினாள். வேலைக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை கிடைத்தது. பழைய வீடு வேறு ஒருவருக்குப் போயிருந்தது. கடைசி லயத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். என் வீட்டிலிருந்து போகும்போது தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள், வலது கையால்.

அதன்பின் அவள் கொழுந்து பறிக்கவே இல்லை. குளிர் அதிகமான நாட்களில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களிடமெல்லாம், "என் அவசரப் புத்தி லா, நானே கட்டைக் கழட்டிட்டேன்" என்றுதான் சொன்னாள். சாகும்வரை அதையேதான் சொன்னாள். என்னை மன்னித்தேன் என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அம்மன் என் வேண்டுதலைக் கேட்டாள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. முதல் தடவையும் கேட்டாள், எலும்பைச் சேர்த்துத்தான் கொடுத்தாள். அவள் கொடுத்ததைப் பிய்த்தவன் நான். இரண்டாம் தடவை அக்கா வாயால் கேட்டதைக் கொடுத்தாள். அந்தக் கோணல் கொண்டைக்காக இன்றும் தினம் நன்றி சொல்கிறேன். அவள் கொண்டை போட்ட அன்றோடு செயலாளர் பதவியை விட்டேன், மைக்கைத் தொட்டதில்லை. கோயிலுக்கு வந்தால் பின்வரிசையில் நிற்கிறேன்.

வீட்டில் நோயாளி இருந்தால் அம்மனை நம்பி வேண்டிக்கொள்ளுங்கள், நிச்சயம் கேட்பாள். ஆனால் யாருக்காக வேண்டுகிறீர்களோ, முதலில் அவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவர் கட்டிய கட்டில் கை வைக்காதீர்கள். அதுவும் அவள் கட்டியதுதான்.

ஈப்போவில் டாக்டர் கேட்ட கேள்விக்கு அக்கா பதில் சொல்லியிருக்கக்கூடாது. அது என்னிடம் கேட்ட கேள்வி. கட்டைக் கழற்றியது நான்.