ஜெயபாண்டியின் வெள்ளை ஜெர்சி

சொந்த மைதானத்தில் எந்த நிறம் போடுவது என்பதற்குப் பெரிய கால்பந்து கிளப்புகளுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எங்கள் ஆனைக்குட்டம் அணிக்கு ஒரே காரணம்தான். பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்ட பிறகே ஆட்டம் தொடங்கும். பாதியிலேயே வெளிச்சம் மங்கிவிடும். மைதானத்தைச் சுற்றி சீமைக்கருவேலங்காடு. அந்தக் கருக்கலில் வெள்ளைச் சட்டைதான் கண்ணில் படும். உள்ளூர்க்காரர்கள் நிறத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள், வந்தவர்கள் வேறு போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே நாங்கள் வெள்ளை. வருகிறவன் கறுப்போ பச்சையோ போட்டுக்கொண்டு ஆளைத் தேடிச் சாகட்டும்.

அந்த வெள்ளையால் கஷ்டப்பட்டவன் ஜெயபாண்டி ஒருவன்தான். நாற்பதை நெருங்கியவன், இடது ஓரத்தில் ஆடுவான். நாங்களெல்லாம் அச்சகத்திலும் அட்டைக் கம்பெனியிலும் கும்பலாக வேலை பார்க்கிறவர்கள். அவனுக்குப் பட்டாசு மருந்து கலக்கும் அறை. விபத்துக்குப் பயந்து அங்கே ஆட்களைச் சேர்க்க மாட்டார்கள். பெரும்பாலும் தனியாகத்தான் நிற்பான். அந்த வேலையை விடு, இல்லை என்னை விடு என்று சொல்லிப் பார்த்த அவன் மனைவி இருளம்மாள், மகளோடு மல்லாங்கிணற்றுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. வேலையை விட்டுத் தொலைத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் அவன்மேல் கோபம்தான். அவனை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவது மைதானத்தில் மட்டும்தான்.

மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் தோலில் ஏறிவிட்டால் குளித்தாலும் லேசில் போகாது. ஓடி வியர்த்ததும் அவன் சட்டை நெஞ்சிலும் முதுகிலும் சாம்பல் நிறமாகிவிடும். ஒருமுறை வெளியூர்ப் பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் கைகொடுக்க மறுத்தான். ஜெயபாண்டி நீட்டிய கையைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

கேப்டன் செழியனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சீசனுக்குக் கருநீல ஜெர்சிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். வெள்ளையைத் துவைத்து மாளவில்லை என்று காரணம் சொன்னான். நாங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம். ஜெயபாண்டிக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு.

முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் வெள்ளையில் வந்தார்கள். வெளிச்சம் மங்கியதும் எங்களுக்கு எங்கள் ஆளையே தெரியவில்லை. இடது ஓரத்தில், காட்டை ஒட்டி, ஜெயபாண்டி கையைத் தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறான். கத்திக் கூப்பிடும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. பந்து அந்தப் பக்கமே போகவில்லை. தோற்றோம்.

எல்லோரும் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் செழியனிடம் வந்தான்.

“எனக்காகத்தான் மாத்துனீகன்னு தெரியும்லே. கறை தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. அங்கன இருட்டுக்குள்ள நிக்கயில மருந்து ரூமுல நிக்கிறாப்புலயே இருக்கு.”

செழியன் தலையைக் குனிந்துகொண்டு, “சரிண்ணே” என்றான்.

அடுத்த ஆட்டத்துக்குப் பழைய வெள்ளையையே போட்டோம். இடைவேளைக்குள் ஜெயபாண்டியின் சட்டை சாம்பலாகிவிட்டது. பந்து அவனிடம் போய்க்கொண்டே இருந்தது. வெற்றிக் கோலையும் அவனே அடித்தான். செழியன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதில் அவன் சட்டையிலும் கறை.

ஆட்டம் முடிந்ததும் ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டு ஜெயித்ததைச் சொன்னோம். ஜெயபாண்டியும் போனை எடுத்தான். இருளம்மாள் பெயரைத் தேடித் திரைக்குக் கொண்டுவந்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, நாங்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான்.