சிவப்புப் பூ வந்த பிறகும் வந்த நாய்க்குட்டி

1957-ஆம் வருஷம், சித்திரை மாதம். திருச்சி தென்னூரில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. காலையிலிருந்து இரவு வரை வேட்டியையும் புடவையையும் பிரித்துக் காட்டுவது, பிடிக்கவில்லை என்றால் மறுபடி மடித்து வைப்பது. "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்பதுதான் அங்கே வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் இது எத்தனை நாளைக்கு என்றுதான் முதலில் தோன்றும்.

அந்தப் புத்தி முற்றிப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முந்தின வருஷம் எங்கள் ஒரே மகள், நாலு வயதுக் குழந்தை, காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போல இருந்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். என் மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டில் ரயில்வேயில் டிரைவராக இருந்தவரின் குடும்பம் இருந்தது. அவர் ரிட்டயர் ஆகி, பெங்களூருக்குக் குடிபோக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் மற்றதையெல்லாம் யார் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. செவலை நிறம், காது ஒன்று நிமிர்ந்தும் ஒன்று தொங்கியும் இருக்கும். என் மனைவி துணி உலர்த்தப் போனால் வேலி இடுக்கில் நுழைந்து வந்து அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளும். "ஞாயித்துக்கிழமை நாங்க கிளம்புறோம். இதை யாரும் எடுக்கலைன்னா தெருவுலதான் விட்டுட்டுப் போகணும்" என்று டிரைவர் வீட்டம்மா வருத்தப்பட்டிருக்கிறார்.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது என் மனைவி மெல்ல ஆரம்பித்தாள். "என்னங்க, அந்தக் குட்டியை நாம எடுத்துக்கலாமா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாய் எத்தனை வருஷம் இருக்கும்? மிஞ்சிப்போனா பத்துப் பன்னிரண்டு வருஷம். அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? உங்க கடையில வேட்டி வாங்குறவங்க அது கிழியும்னு தெரிஞ்சுதானே வாங்குறாங்க?"

"வேட்டி செத்தா யாரும் அழறதில்ல" என்றேன். என் குரலே எனக்கு முரட்டுத்தனமாகக் கேட்டது. அவள் ரசம் ஊற்றினாள். இன்னொன்றைத் தூக்கி வளர்த்து, அதுவும் போவதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. இதை அவளிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

இரண்டு நாள் இழுபறி. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "வெள்ளிக்கிழமை அம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பார்ப்போம். வெள்ளை வந்தா எடுத்துப்போம். சிவப்பு வந்தா அதோட பேச்சே எடுக்க மாட்டேன்."

என் மாமனாருக்கு ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் மல்லிகைத் தோட்டம். அந்தக் குடும்பத்தில் கிணறு தோண்டுவதா, மாடு வாங்குவதா, பெண்ணைக் கொடுப்பதா, எதுவானாலும் பூக் கேட்டுத்தான் முடிவு. எங்கள் கல்யாணமே அப்படி நிச்சயமானதுதான். "அன்னிக்கு வெள்ளை வந்துச்சு, அதுக்கப்புறம் மாப்பிள்ளை எப்படின்னு நான் ஒரு கேள்வி கேட்கலை" என்று என்னைச் சீண்டுவாள். பூ சொன்னதை அவள் பிறந்த வீட்டில் ஒருவரும் மீறியதில்லை. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சரி என்றேன். முடிவை யாராவது என் தலையிலிருந்து இறக்கி வைத்தால் போதும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி நந்தியாவட்டையை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் வைத்து, வெளியே தெரியாதபடி ஒன்று போலக் கட்டி, அம்மன் காலடியில் போட்டார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். அது இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து நீட்டியது. என் மனைவிதான் பிரித்தாள்.

சிவப்பு.

"அம்மன் வேண்டாம்னுட்டா" என்றார் பூசாரி. நான் ஆசைப்பட்ட பதில்தான் வந்திருந்தது. ஆனால் எனக்கு ஏனோ சந்தோஷமாக இல்லை. அந்தத் தொங்கின காது ஞாபகம் வந்தது. "சரி, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.

வீட்டு வாசலில் நான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் உள்ளே வராமல் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அந்தக் குட்டி அவள் இடுப்பில் இருந்தது.

"என்ன இது? சிவப்புதானே வந்துச்சு?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"சிவப்புன்னு தெரிஞ்சதும் உங்க முகம் எப்படிப் போச்சுன்னு நான் பார்த்தேனே" என்றாள். "அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஒரு சாக்கு எடுத்துப் போடுங்க, இது படுக்கட்டும்."

நான் சாக்கைத் தேடிக்கொண்டு போனேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள், சாமி என்றால் உயிர். வெள்ளிக்கிழமை விளக்கு ஒரு நாழிகை தாமதமானால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள். அவள் எனக்காக அம்மனையே எதிர்த்துக்கொண்டு வந்து நிற்கிறாள். கேலி பேசியே பழகின நான் அன்று சாக்கை இரண்டாக மடித்து விரித்துப் போட்டேன்.

அம்மனிடம் அவள் எப்படிப் பேசினாள் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. மாமனார் வழக்கம்போலத் தோட்டத்து மல்லிகையைக் கொடுத்தனுப்பியிருந்தார். அவள் அதை அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தலையில் ஒரு கொத்து மரிக்கொழுந்து மட்டும் செருகிக்கொண்டு வந்தாள். பூ சொன்னதை மீறியதற்காக, அடுத்த சித்திரை வரைக்கும் மல்லிகை வைப்பதில்லை என்று தனக்குத்தானே தண்டனை போட்டுக்கொண்டாளாம். சுமங்கலி வெறும் தலையாக இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்பதற்காகத்தான் அந்த மரிக்கொழுந்து. பூத்தோட்டத்துப் பெண், மல்லிகை இல்லாமல் தூங்கக்கூடப் போகாதவள். அந்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் அவள் தங்கை கல்யாணம். பந்தலில் அத்தனை பெண்கள் தலையும் மல்லிகை மணந்தது. இவள் மட்டும் பச்சைக் கொத்தோடு நின்றாள். என் மாமியாருக்குத் தாங்கவில்லை. "ஊரே பார்க்குது. ஒரு நாய்க்காகவாடி இப்படி நிக்கிற?" என்று கண் கலங்கக் கேட்டார்.

"நாய்க்காக இல்லம்மா" என்றாள் அவள். அவ்வளவுதான். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பந்தியில் போய் உட்கார்ந்தேன், பாதியிலேயே இலையை மூடினேன்.

செவலைக் குட்டிக்கு வெள்ளையன் என்று பேர் வைத்தது நான்தான். "அம்மனை ஏமாத்தப் பார்க்கிறீங்களா?" என்று அவள் திட்டினாள். திட்டிவிட்டு அவளும் அப்படியேதான் கூப்பிட்டாள். தெருவில் கேட்காத ஆளில்லை, உங்களுக்குக் கண் தெரியாதா என்று.

ஒருநாள் காலையில் தயிர்ச் சாதம் வைத்தோம். அது தட்டுக்குள் இறங்கி மூக்கு, காது எல்லாம் சோறாக நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தவன், என்னையும் அறியாமல், "பாப்பாவும் இப்படித்தான் மூஞ்சியெல்லாம் அப்பிக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. சட்டையைத் தேடிக்கொண்டு எழுந்திருக்க வேண்டிய நேரம். நான் எழுந்திருக்கவில்லை. அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு, "தலைமுடியில கூட இருக்கும். கழுவி விட்டா அழுது ஊரைக் கூட்டும்" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அன்று நான் கடைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் திட்டு வாங்கினேன். அது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் மகள் அன்றைக்குத்தான் எங்கள் பேச்சுக்குள் திரும்பி வந்தாள்.

வெள்ளையன் பத்து வருஷத்துக்கும் மேலே இருந்தான். அந்த நாளெல்லாம் என் மனைவி அவனை வளர்த்த விதத்தைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். என்றைக்காவது போய்விடுவானே என்று ஒருநாளும் பாசத்தில் ஒரு பிடி குறைத்துப் போட்டதில்லை. அவன் கண் மங்கி, மூஞ்சி நரைத்து, படி ஏற முடியாமல் போனபோது இரண்டு கையாலும் தூக்கி வைப்பாள். ஒரு மத்தியானம் என் கால்மேல் தலையை வைத்துப் படுத்தவன் அப்படியே அடங்கிவிட்டான்.

சாக்கில் சுற்றி, குதிரைவண்டியில் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோனோம். மாமனார் தோட்டத்து வேலியோரம் என் மச்சான் குழி தோண்டினார். நான் எதற்குப் பயந்தேனோ அது வந்தேவிட்டது. நான் பயந்த அளவுக்கே வலித்தது, ஒரு துளிகூடக் குறையவில்லை. திரும்பி வரும்போது பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

"இப்படி ஆகும்னு உனக்கு அன்னிக்கே தெரியுமில்ல?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? தெரிஞ்சுதான் தூக்கிட்டு வந்தேன்."

பாலம் முடியும்வரை இரண்டு பேரும் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெருங்கும்போது, என் வாயிலிருந்து இது வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை, "இன்னொரு குட்டி எங்கேயாவது கிடைக்குமா பார்க்கலாமா?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முதல்ல இவனுக்கு அழுது முடிங்க. அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு நாய்கள் வந்தன, இருந்தன, போயின. ஒவ்வொன்றுக்கும் அழுதிருக்கிறேன். போகப்போகிறது என்று தெரிந்த ஒன்றின் மேல் முழு மனசையும் வைப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடம் அது இருந்ததில்லை; அது நிறைய இருந்த ஒருத்தியோடு வாழக் கிடைத்ததுதான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.