சுவருக்குப் பின்னால் மூன்று பேர்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: என் மாமனார், சுவரோரம். என் வீட்டுக்காரர், வாசற்படியில். ஜெபக்குழு எஸ்தர் அக்கா, அடுப்படியில். பிறகு நான். சுவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் என்றார் மாமனார். பின்னால் உள்ள வீடு பூட்டிக் கிடந்தது.

மாமனார் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அங்கே பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களாம். உள்ளே வெற்றிடம் போல் பொள்ளென்று கேட்டால் பாறை இடியப் போகிறது என்று அர்த்தம். இப்போது நாங்கள் இருக்கும் மர்பி டவுன் வீட்டிலும் சாயங்காலமானால் ஒரு கம்பியால் சுவரைத் தட்டுவார். காது வைப்பார். "ஆளு கீது. நம்மள ஒட்டுக் கேக்குறான்."

ஒருநாள் நானும் காது வைத்தேன். அந்தப் பக்கமிருந்து தட்டியது போல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பேய் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் காட்டினோம்; டாக்டரம்மா, பேய் இல்லை என்றார். "மறதி நோயும் இல்லம்மா. யாரையும் நம்பாதது அவரோட சுபாவம். வயசானதுல இறுகிடுச்சு. அவருக்குத் தெரியாம எதுவும் செய்யாதீங்க." நிஜம்தான். மகன் கல்யாணப் பந்தியிலேயே கை நனைக்காதவர்.

எஸ்தர் அக்கா நல்லவர். அன்று ஜெபித்த எண்ணெயை மாமனார் சோற்றில் கலந்துவிட்டார். "சொன்னா துன்ன மாட்டாரு, சொல்லாத."

மாமனார் முகர்ந்தார். "இன்னாத்தயோ கலந்துட்டீங்க." தட்டைத் தள்ளினார்.

அதோடு சாப்பாடு நின்றது. குழாயில் அவரே பிடித்த தண்ணீர் மட்டும். கண் குழிந்தது. இப்படியே செத்துவிடுவார் என்று பயந்தேன்.

"ஒண்ணும் கலக்கலன்னு சத்தியம் பண்ணிடு" என்றார் வீட்டுக்காரர்.

முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, அவர் சாப்பிட வாய் திறக்க வேண்டும். கம்பி தட்டும் சத்தம்தான் கேட்டது. பொய் சொல்லாதே என்று நெஞ்சில் பட்டது.

எழுந்து போனேன். "மாமா, கலந்தது நிஜம். ஜெப எண்ணெய். நீங்க சொன்னதுதான் சரி."

கம்பியைக் கீழே வைத்தார். "இத்தினி வயசுல ஒருத்தனும் ஒத்துக்கினது இல்ல." புதுச் சோறு வைத்தேன். "நீ துன்னு மொதல்ல."

அவர் தட்டிலேயே தின்றேன். பிறகு அவர் தின்றார். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்.

"அப்போ எண்ணெய் வேலை செஞ்சுது" என்றார் எஸ்தர் அக்கா.

சுபாவம் போகவில்லை. இன்றும் தட்டுகிறார். இப்போது அவர் கண்முன்னே சமைக்கிறேன். முதல் வாய் எனக்கு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் ஜெபியுங்கள். டாக்டரிடமும் போங்கள். மறைக்காதீர்கள். கர்த்தர் கைவிடமாட்டார்.

நேற்று கேட்டேன். "செவுத்துக்குப் பின்னால எத்தினி பேரு மாமா?"

தட்டினார். காது வைத்தார்.

"இப்போ ஒரு ஆளுதான்."