சுகர் பெஞ்சுத் தலைவர்

ராயபுரம் மேம்பாலத்துக்குக் கீழே மனோகரன் டீக்கடையில் இரண்டு பெஞ்சு உண்டு. ஒன்றில் சர்க்கரை போட்ட டீ குடிப்பவர்கள் உட்காருவார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்று சுகர் பெஞ்சு. அதில் இடம் கிடைக்க ஒரு தகுதி வேண்டும், ரத்தத்தில் சர்க்கரை ஒரு தடவையாவது இருநூறைத் தாண்டியிருக்க வேண்டும். அந்தப் பெஞ்சுக்குக் கோதண்டம் தலைவர். யாரும் ஓட்டுப் போடவில்லை. நானூற்றுப் பத்து வரை போய்விட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீடு திரும்பிய ஆள் அவர் ஒருவர்தான். பதவி தானாக வந்து சேர்ந்தது.

திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் அவர் சூப்பர்வைசர். எந்தப் பெட்டியை எங்கே அடுக்க வேண்டும் என்று கை நீட்டுவதுதான் வேலை. நீட்டிய கையை டீக்கடையிலும் மடக்க மாட்டார். கம்பு நல்லது, கிழங்கு ஆகாது, பாகற்காய் ஜூஸ் வெறும் வயிற்றில் என்று காலை முழுக்க உபதேசம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு வஞ்சிரம் வந்து, மனைவி தாயம்மா குழம்பு கூட்டிவிட்டால், சட்டியில் எவ்வளவு சோறு இருந்தது என்பதை அவரும் சொல்ல மாட்டார், அந்த அம்மாளும் சொல்ல மாட்டாள்.

அவர் சுகருக்கு வைத்தியம் பார்த்த விதமே தனி. சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் மாத்திரை, அரைப்பட்டினி, கடற்கரை ரோட்டில் வேகநடை எல்லாம் தொடங்கும். ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததும் அதைப் பெஞ்சில் சுற்றுக்கு விட்டுவிட்டு, அதே கையோடு பரோட்டாக் கடைக்குள் நுழைவார். வைத்தியம் ரிப்போர்ட்டுக்குத்தான், உடம்புக்கு இல்லை.

பெஞ்சில் இன்னொரு பழக்கமும் இருந்தது. மாத்திரை மாற்றிக்கொள்வது. "உன்னுது இன்னா கலரு? நல்லா கேக்குதா? ரெண்டு குடு" என்று கேட்டால் கொடுத்துவிட வேண்டும். வெற்றிலை பாக்குக்கு இல்லையென்று சொன்னாலும் சொல்லலாம், மாத்திரைக்குச் சொல்லக்கூடாது. இதில் எல்லாரையும் மிஞ்சியவர் ஷாகுல் ஹமீது. பக்கத்துத் தெருவில் தார்ப்பாய்க் கடை வைத்திருந்தார். கோதண்டத்துக்குப் பதினைந்து வருஷத் தோஸ்து, பெஞ்சில் அவருக்கு ஒட்டினாற்போல உட்காருகிறவர்.

கோதண்டத்துக்கு இருமல் வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணூர் ரோட்டில் வேலை பார்க்கிறவன் இருமாவிட்டால்தான் அதிசயம். சாம்பலும் நிலக்கரித் தூசியும் அந்தப் பக்கத்து நெஞ்சுக்கு வாடகை கொடுக்காத குடித்தனம். அதோடு அவர் மெலியவும் தொடங்கினார். சட்டை தொளதொளத்தது. "இன்னா மாமு, சும்மா வாலிபப் பையனாட்டம் ஆயிகினு வர்றே" என்றார் ஷாகுல் ஹமீது. "எல்லாம் பாகற்காய் பாய்" என்று தலைவர் அடக்கத்தோடு ஒப்புக்கொண்டார். அந்த மாதம் பெஞ்சில் ஐந்து பேர் பாகற்காய் ஜூஸ் குடித்தார்கள்.

யார்டில் ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. தலைவர் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சளியைச் சோதித்துவிட்டு டாக்டர் மாயா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"டி.பி. சுகரை இத்தனை வருஷம் அவுத்து விட்டுட்டீங்க. எதிர்த்து நிக்கிற தெம்பு உடம்புல இல்ல, கிருமிக்கு அதுதான் சௌகரியம். குணமாயிடும். ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை, கூடவே இன்சுலின். சுகர் அடங்கலேன்னா இதுவும் லேசுல அடங்காது. வீட்டுல எல்லாரையும் டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. வெளியில உங்களோட நெருங்கிப் பழகுறவங்க யாரு? முக்கியமா சுகர் இருக்கிறவங்க?"

"அப்படி யாரும் இல்லீங்க" என்றார் கோதண்டம்.

ஏன் அப்படிச் சொன்னார் என்றால், பேப்பர் கப்புக்குப் பயந்து. சில வருஷங்களுக்கு முன் அதே பெஞ்சில் சண்முகவேல் என்று ஒருத்தர் இருந்தார், துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். அவருக்கு டி.பி. என்று தெரிந்த மறுநாள், "அந்தாளுக்குத் தனியா பேப்பர் கப்புல குடு" என்று மனோகரனிடம் சொன்னது யார்? நம் தலைவர்தான். சண்முகவேல் அந்தக் கப்பை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. சுகர் என்றால் சபையில் சொல்லிக்கொள்கிற வியாதி. டி.பி. என்றால் டம்ளர் மாறிவிடும். கோதண்டத்துக்கு உயிரைவிட டம்ளர் பெரிதாகப் பட்டது.

தாயம்மாளுக்குச் சோதனையில் ஒன்றும் இல்லை. அவள் வாயை அடைத்தாயிற்று. சிறிது நாள் காய்ச்சல் என்று கடைக்கு மட்டம் போட்டுவிட்டு, இருமல் அடங்கியதும் தலைவர் பெஞ்சுக்குத் திரும்பினார். மாத்திரையைப் பற்றிக் கேட்டவர்களிடம், "சுகருக்குப் புதுசு. வெளியில கிடைக்காது" என்றார். பொய் சொன்னால் போதாதா, அதற்குப் பூ வைத்துப் பொட்டும் வைக்க வேண்டுமா? வெளியில் கிடைக்காது என்று சொன்னால் சுகர் பெஞ்சு சும்மா இருக்குமா?

மாத்திரையும் இன்சுலினும் வேலை செய்தன. முகத்தில் சதை பிடித்தது. ஷாகுல் ஹமீது நாலு நாள் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார். "மாமு, அந்த மாத்திரை ஒரு பட்டை குடு."

இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் இல்லை என்று பெஞ்சு கேட்கும். தலைவர் பையில் கைவிட்டு ஒரு பட்டையை எடுத்துக் கொடுத்தார். மறு மாதம் இன்னொன்று. தன் பங்கில் குறைந்த நாட்களில் மாத்திரை போடாமல் சும்மா இருந்துகொண்டார்.

பாய் சிரத்தையான ஆள். இரண்டு மருந்து உள்ளே சண்டை போடக்கூடாது என்று, வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வந்த தன் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். சிறுநீர் செக்கச்செவேலென்று போனது. டி.பி. மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும். பாய்க்கு ஒரே சந்தோஷம். "சுகரு கரைஞ்சு வெளிய போய்கினு கீது மாமு" என்றார். கோதண்டம் டீயைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அந்தத் தலையை அப்போதே நாலு பேர் பிடித்துக் குலுக்கியிருக்க வேண்டும்.

ஒருநாள் கடையில் தார்ப்பாயில் கயிறு கோக்கக் கண் அடிக்கும் இரும்பு பாயின் காலில் விழுந்தது. சின்னக் காயம்தான். ஆறவில்லை, கறுத்தது. ஒரு மத்தியானம் கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சுகர் ஐந்நூற்று அறுபது என்றார்கள். தலைவரின் சாதனையை முறியடித்த நம்பர். பெஞ்சில் அன்று யாரும் அதைப் பாராட்டவில்லை.

கோதண்டம் வார்டுக்கு ஓடினார். பாய் கண் மூடிக் கிடந்தார். அவர் மனைவி காத்தூன் பீவி இவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், முந்தானை முடிச்சிலிருந்து அந்தப் பட்டையை எடுத்தாள்.

"அண்ணே, டாக்டருங்க கைல இதைக் காட்டல. புடுங்கி வெச்சிக்குவாங்கன்னு இவுங்க முன்னாடியே சொல்லிட்டாங்க. பழைய மாத்திரையத்தான் காட்டினேன். இதை மட்டும் ஒரு வேளைகூட வுடாம குடுத்துகினு கீறேன். தீரப்போவுது. இன்னும் ஒண்ணு இருந்தா குடுங்கண்ணே."

"நாளைக்குக் கொண்டாறேன்" என்று சொன்னார் கோதண்டம். அந்த வாயால்தான் சொன்னார்.

சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார். தள்ளுவண்டியில் ஒரு டீ சொன்னார். பேப்பர் கப்பில் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். காக்கிக்காரர், வக்கீல், பிள்ளைபெற்றவளுக்குப் பால் வாங்க வந்தவள், எல்லார் கையிலும் அதே பேப்பர் கப்புதான். இந்த இத்தனூண்டு காகிதத்துக்காகவா என்று அவருக்கே வெட்கம் பிடுங்கித் தின்றது. டீயை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி மாடி ஏறினார். நர்ஸும் காத்தூன் பீவியும் கட்டிலருகே நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் கேட்கும்படி சொன்னார்.

"அது சுகர் மாத்திரை இல்லம்மா. டி.பி. மாத்திரை. எனக்குத்தான் டி.பி."

காத்தூன் பீவி கையிலிருந்த பட்டையை ஒருமுறை பார்த்தாள். பிறகு புருஷனின் வாயைத் துடைத்தாள்.

பாய் பிழைத்தார். வலது காலில் இரண்டு விரல் போனது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் சுகர் இப்படி ஏறினால் நாளைக்கு எப்படியோ, அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார்கள். விட்டு விட்டுச் சாப்பிட்ட கோதண்டத்தின் சளியில் கிருமி மறுபடி தலைகாட்டியிருந்தது. டாக்டர் மாயா கோபத்தில் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டார். ஆறு மாசம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

இனி தொற்றாது என்று சொல்லி அனுப்பிய பிறகுதான் கோதண்டம் கடைக்கு வந்தார். விஷயம் கடை முழுக்கத் தெரிந்திருந்தது. பேப்பர் கப்புக்கு மனதைத் தயார்பண்ணிக்கொண்டு கையை நீட்டினார். மனோகரன் எப்போதும்போலக் கண்ணாடி டம்ளரில் டீயை ஆற்றிக் கொடுத்தார். டி.பி.க்கு ஊரெல்லாம் இப்போது மாத்திரை இருக்கிறது, இதில் என்ன என்பதுபோல அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஷாகுல் ஹமீது கைத்தடியோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோதண்டம் பக்கத்தில் போய், "பாய், மன்னிச்சிக்கோ" என்றார்.

"டி.பி.ன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாளு தள்ளி உக்காந்திருப்பேன். அப்பறம் நானே உன்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருப்பேன். நீ சுகருன்னே. அதான் இன்னும் கிட்ட வந்தேன் மாமு."

பாய் சர்க்கரை போடாத டீயை ஒரு கையிலும் தடியை ஒரு கையிலும் பிடித்து மெதுவாக எழுந்தார். சர்க்கரை போட்ட டீ குடிப்பவர்களின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.