பிலோமினா அக்காவும் ஒரு சட்டத்தின் மூன்று வரிகளும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோப்பன்ஹேகன் பக்கம் புரொண்பியில் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் இருந்தபோது பிலோமினா அக்காவின் மகள் ஜெசிந்தாவின் அழைப்பு வந்தது. முதலில் டெனிஷ் மொழியில் சொன்னாள். "என்ன?" என்று நான் கேட்கவே, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துத் தமிழில் திருப்பிச் சொன்னாள்: "மாமா, அம்மா செத்துப்போயிட்டா." இந்தச் செய்தியைச் சொல்ல நாங்கள் பாவிக்கும் மரியாதையான சொற்கள் எதுவும் இங்கே வளர்ந்த அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்கள். நான் எழுந்து வெளியே வந்து, பேருந்துத் தரிப்பிடத்தில் போய் இருந்துவிட்டேன்.

சில்க்போர்க் தேவாலயத்தில் நடந்த இறுதித் திருப்பலிக்கு வந்த உங்களில் பலர் பேசினீர்கள். முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் அவர் பார்த்த வேலையைப் பற்றி, நத்தார்ப் பண்டிகைக்கு வீடு வீடாக அனுப்பிய பலகாரத்தைப் பற்றி, யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அழைக்காமலே போய் நின்றதைப் பற்றிச் சொன்னீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் பிலோமினா அக்கா ஒரு தடவை இந்த நாட்டின் சட்டத்துக்குள் மூன்று வரிகளைக் கொண்டுபோய் வைத்தார் என்பது உங்களில் அநேகருக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கதைப்பது அவருக்கு விருப்பமில்லை. அன்று நான் பேசாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. இலங்கையில் சண்டைக்குத் தப்பி எங்கள் சனம் இங்கே டென்மார்க்கில் வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம். நான் அதற்குச் சில வருடங்கள் முந்தியே வந்து, பிராண்டேயில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். டெனிஷ் ஓரளவு சரளமாகப் பேசுவேன் என்பதால் சனி, ஞாயிறுகளில் பழைய காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக மொழிபெயர்க்கப் போவேன். அப்படித்தான் சில்க்போர்க்கில் அக்காவைச் சந்தித்தேன். மன்னார்க் கரையோரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் மருத்துவிச்சியாக இருந்தவர். கணவரும் கைக்குழந்தை ஜெசிந்தாவுமாக வந்து, வதிவிட அனுமதி கிடைத்த கையோடு முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

அந்த இல்லத்தில் இருந்த ஒரு கிழவரைப் பார்க்க அவருடைய மகள் வாராவாரம் வருவாள். பெயர் கியர்ஸ்டன். ஒரு சிறிய கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், ஊரில் என்ன வேலை செய்தாய் என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். அக்காவுக்குத் தெரிந்த டெனிஷ் போதவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, இரண்டு கைகளாலும் ஒரு குழந்தையை வாங்குவதுபோலச் செய்து காட்டினாராம். அடுத்த சனிக்கிழமை கியர்ஸ்டனின் சமையலறையில் நாங்கள் மூவரும் இருந்தோம்.

அக்கா தன் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார். மகப்பேற்று விடுதிக்கு மின்சாரம் இல்லை. கிணற்றுத் தண்ணீர் உவர். சுவரில் வெடிப்பு. ஒரு கிணறு, ஒரு ஜெனரேட்டர், எட்டுக் கட்டில் போடக்கூடிய ஒரு புதுக் கட்டடம். அவ்வளவுதான் அவர் கேட்டது. கியர்ஸ்டன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இலையுதிர்காலத்தில் அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுச் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வரும், அதற்குள்தான் வெளிநாட்டு உதவிக்கான ஒதுக்கீடும் இருக்கிறது, அதற்கு இரண்டு மூன்று வரியில் ஒரு திருத்தம் கொண்டுவந்து பார்க்கலாம் என்றாள். அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இல்லாத காலம் அது. சிறிய கட்சிகளின் சொல்லுக்கும் காது கொடுக்கவேண்டியிருந்தது. ஒரு தாளில் வழியை வரைந்து காட்டினாள். முதலாம் வாசிப்பு, பிறகு நிதிக்குழு, அங்கே கேள்விகள், திருத்தங்கள், இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு, கடைசியில் ராணியின் கையொப்பம்.

அக்கா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "மூண்டு வாசிப்பு எண்டால், மூண்டு தரமும் முழுக்க வாசிச்சுக் காட்டுவினமோ?"

நான் மொழிபெயர்த்தேன். கியர்ஸ்டன் சிரித்துவிட்டு, யாரும் வாசித்துக் காட்டமாட்டார்கள், அது பழைய காலத்துப் பெயர் என்றாள். அப்படியென்றால் எங்களுடைய வரிகளை யார்தான் வாசிப்பார்கள் என்று அக்கா கேட்டார். அதற்குக் கியர்ஸ்டன், நிதிக்குழுவுக்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லலாம், இந்த நாட்டில் எவரும் அப்படிப் போகலாம், கால் மணி நேரம் தருவார்கள் என்றாள்.

நவம்பரில் ஒருநாள் போனோம். அக்கா வேலையில் விடுப்பு எடுத்திருந்தார். நான் சுகமில்லை என்று தொழிற்சாலைக்குப் பொய் சொல்லியிருந்தேன். அப்போது கடலுக்குக் குறுக்கே பாலம் இல்லை, ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடத்துவார்கள். அந்தக் கப்பலின் மேல்தட்டில் நின்றபடி, சொல்லவேண்டியதை அக்கா எனக்கு மறுபடி மறுபடி சொல்லிக் காட்டினார். காற்றில் சேலை நிற்கவில்லை, மேலே பெரிய கோட் போட்டிருந்தார். எல்லாம் பாடமாகிவிட்டதா என்று நான் கேட்டதற்கு, "பாடமாக்க என்ன இருக்கு, எல்லாம் நான் பார்த்ததுதானே" என்றார்.

நிதிக்குழுவின் அறை நான் நினைத்ததைவிடச் சிறியது. நீண்ட மேசை, கோப்பிக் குவளைகள், கடதாசிக் கட்டுகள். அங்கே வாதாடமாட்டார்கள், கேள்வி மட்டும் கேட்பார்கள். அக்கா பத்து நிமிடம் தமிழில் சொல்ல, நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். மண்ணெண்ணெய் விளக்கில் நடந்த ஒரு பிரசவத்தைப் பற்றி அவர் சொன்னபோது, அதுவரை கடதாசி புரட்டிக்கொண்டிருந்த ஒருவர் புரட்டுவதை நிறுத்தினார். பிறகு மேசையின் கோடியில் இருந்த ஒரு முதிய உறுப்பினர் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. சண்டையால் பாதை மூடப்பட்டாலும் இந்தப் பொருட்கள் அங்கே போய்ச் சேரும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?

அக்கா சொன்னார்: "எனக்குத் தெரியாது. பாதை எப்ப பூட்டும் எப்ப திறக்கும் எண்டு அங்கை ஒருத்தருக்கும் தெரியாது."

நான் அதை அப்படியே சொல்லவில்லை. போய்ச் சேரும் என்று உறுதியாக நம்புகிறோம், தேவாலயத்தின் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்யலாம் என்று டெனிஷில் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்து ஒரு சொல்லால் எல்லாம் கெட்டுப்போய்விடக் கூடாது என்ற பயம்தான்.

நான் சொன்ன டெனிஷில் அவ்வளவும் அக்காவுக்கு விளங்கிவிட்டது. அவரின் கை என் சட்டைக் கையைப் பிடித்தது. இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத அந்த மனிசி, இலக்கணம் ஒன்றும் பாராமல், நேராக அந்த முதியவரைப் பார்த்து டெனிஷில் சொன்னார்: "இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். பாதை மூடினாலும் பிள்ளை பிறக்கும். அது மட்டும் தெரியும்."

முதியவர் தலையை அசைத்து ஏதோ எழுதிக்கொண்டார். எங்கள் கால் மணி நேரம் முடிந்தது.

வெளியே படிக்கட்டில் எனக்கு அவமானமும் கோபமும். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று சொன்னார்: "அந்த மனிசன் நான் சொல்லுறதை நம்பித்தான் வாக்குப் போடப்போறார், யோகன். பொய்யை நம்பிப் போட்டால், பிறகு அவரின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

இரண்டாம் வாசிப்பில் எங்கள் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கியர்ஸ்டன் தொழிற்சாலைக்கே தொலைபேசியில் அழைத்து வாசித்துக் காட்டினாள். மூன்று வரிகள். அவற்றின் நடுவே நாங்கள் எழுதிக்கொடுக்காத இரண்டு சொற்கள் இருந்தன: நிலைமை அனுமதித்தால். அந்தச் சொற்கள் இல்லாமல் பெரிய கட்சி ஒன்றின் ஆதரவு கிடைத்திராது என்றாள். அன்று மாலை அக்காவுக்கு அதைச் சொன்னேன். "ஆர் அனுமதிக்கிறது?" என்று கேட்டார்.

டிசம்பரில், மூன்றாம் வாசிப்பின்போது பார்வையாளர் கலரியில் இருந்தோம். சட்டமூலம் ஒரு தலையணைப் பருமன். எங்கள் வரிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாக்கெடுப்பு மளமளவென்று நடந்தது. சட்டமூலம் நிறைவேறியது, இனி அது பிரதமருக்கு அனுப்பப்படும் என்று சபாநாயகர் சொன்னார். ராணிக்கு என்றல்லவா சொன்னாய் என்று அக்கா என் காதுக்குள் கேட்டார். பிரதமர்தான் ராணியிடம் கொண்டுபோவார் என்றேன். சில நாட்களில் ராணி கையொப்பமிட்டார், அரசின் வர்த்தமானியில் வெளியானது. அந்தப் பக்கத்தைக் கியர்ஸ்டன் பிரதியெடுத்து அனுப்பினாள். கூடவே ஒரு கேக்கும் வந்தது.

மார்ச் மாதம் வரை ஒரு செய்தியும் இல்லை. பிறகு சம்பந்தப்பட்ட திணைக்களத்திலிருந்து கியர்ஸ்டனுக்கு ஒரு பதில் வந்தது. மரியாதையான கடிதம். குறித்த பகுதியில் தற்போது நிலைமை அனுமதிக்கவில்லை; மாற்றம் ஏற்படும்போது மீளப் பரிசீலிக்கப்படும். மாற்றம் ஏற்படவில்லை. கோடைக்குப் பிறகு, செலவழியாமல் கிடந்த அந்தத் தொகையை ஆபிரிக்க நாடு ஒன்றில் கிணறு வெட்ட மாற்றுவதற்கு நிதிக்குழு ஒப்புதல் கொடுத்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கியர்ஸ்டன் எங்கள் முன்னால் இருந்து அழுதாள். நான் யாரையாவது திட்டவேண்டும் என்று தேடினேன். அந்த ஆபிரிக்க நாட்டுச் சனத்துக்கும் தண்ணீர் வேண்டும்தானே. மறுத்தவர் என்று ஒருவரும் இல்லை. வாக்களித்த அத்தனை பேரும் ஆம் என்றே வாக்களித்திருந்தார்கள்.

கதை இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து வந்த அக்கா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு, சமையலறையில் இருத்தி, ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்தை நீட்டினார். அவரோடு வேலை செய்த மேரி என்ற மருத்துவிச்சி எழுதியது. பிலோ, நீ எழுதியதை நம்பி, புதுக் கட்டடத்துக்கு இடம் வேண்டும் என்று பழைய விடுதியை மாசியில் ஊர்ச்சனம் கூடி இடித்துவிட்டது, இப்போது ஓலைக் கிடுகுக் கொட்டிலுக்குள்தான் பிள்ளைப்பேறு பார்க்கிறோம், மழை தொடங்கிவிட்டது, டென்மார்க்காரர் எப்போது வருவார்கள்?

நான் நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் என்னக்கா எழுதினீர்கள் என்று கேட்டேன்.

டிசம்பரில் கோப்பன்ஹேகனிலிருந்து திரும்பிய அன்றே எழுதியிருக்கிறார். சட்டமாகிவிட்டது, புது விடுதி வருகிறது என்று. அந்த இரண்டு சொற்களை எழுதவில்லை. எழுதத்தான் பேனையை எடுத்தாராம். மேரியின் முகம் கண்ணுக்குள் வந்ததாம். நல்ல செய்தியை ஒருநாளாவது முழுதாகச் சொல்வோம், மிச்சத்தை அடுத்த கடிதத்தில் எழுதுவோம் என்று விட்டுவிட்டாராம். அடுத்த கடிதம் போய்ச் சேரவில்லை. பாதை மூடியிருந்தது.

"உன்னை அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை திருத்தினன்" என்றார் அக்கா. "என்னைத் திருத்த ஒருத்தரும் பக்கத்திலை இருக்கேல்லை."

அவர் அழவில்லை. அடுப்பில் இருந்த தேநீரை இறக்கி எனக்கு ஊற்றினார். நான் குடித்துவிட்டுக் கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தேன். அடுத்த இலையுதிர்காலத்தில் மறுபடி மனுக் கொடுத்தோம். குழுவின் முன்னால் போக இடம் கிடைத்தது, திருத்தம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் கியர்ஸ்டன் தேர்தலில் தோற்றுப்போனாள். கொட்டிலில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை உயிரோடு தங்கின என்று எங்களுக்குத் தெரியவரவில்லை. மேரியிடமிருந்து இன்னும் ஒரேயொரு கடிதம் வந்தது. அதில் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தை அக்கா எனக்குக் காட்டவுமில்லை.

உங்கள் பிள்ளைகள் பிறந்தபோது அழைக்காமலே வந்து நின்றார் என்று சொன்னீர்களே, அவர் ஏன் அப்படி வந்தார் என்று இப்போது உங்களுக்கு விளங்கலாம். நான் அதை விளக்க வரவில்லை. அவரும் ஒருநாளும் விளக்கியதில்லை.

தொழிற்சாலை மூடிய பிறகு மொழிபெயர்ப்பே என் தொழிலாகிவிட்டது. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அகதி விண்ணப்ப விசாரணை என்று எத்தனையோ மேசைகளில் இருந்துவிட்டேன். ஒரு சொல்லைச் சற்று மாற்றிச் சொன்னால் எதிரில் இருப்பவரின் வாழ்க்கை திரும்பிவிடும் என்று தெரிந்த நேரங்கள் உண்டு. மாற்றவில்லை. அதனால் சிலர் இங்கே தங்க முடியாமல் போயிருக்கிறார்கள். அவர்களின் முகங்களும் எனக்கு நினைவிருக்கின்றன. நான் செய்வது சரியா என்று அக்காவிடம் ஒரு தடவை கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

இறுதித் திருப்பலி முடிந்த கிழமை ஒரு விசாரணைக்குப் போனேன். திருப்பி அனுப்பினால் உனக்கு என்ன நடக்கும் என்று அதிகாரி கேட்டார். அந்த இளைஞன் மேசையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாது" என்றான். நான் அப்படியே சொன்னேன். இன்னும் ஏதாவது வரும் என்று அதிகாரி பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறொன்றும் சேர்க்கவில்லை. பிலோமினா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது.